சிங்க்ரோட்ரானில் பீம்டைம்: எந்த வழியில் விண்ணப்பிப்பது?

செறிந்த எக்ஸ் கதிரை உருவாக்கும் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் பீம்டைம், அதாவது அந்தக் கதிரைப் பயன்படுத்தும் நேரம், கேட்க முற்படும் ஆய்வாளர் பெரும்பாலும் எந்த நிலையம், எந்த பீம்லைன் (கதிர் வந்து சேரும் சோதனைக் கூடம்) என்றுதான் முதலில் யோசிக்கிறார். ஆனால் ஒரே நிலையத்துக்குள் நுழைவதற்கே வழக்கமான முன்மொழிவு, விரைவு அனுமதி, மாதிரியை அஞ்சலில் அனுப்புதல், குழு ஒதுக்கீடு, கட்டணம் செலுத்துதல் எனப் பல வாயில்கள் இருக்கக்கூடும். கையிலுள்ள மாதிரி எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பதைப் பார்த்தே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலானோர் செல்வது வழக்கமான முன்மொழிவின் பாதையில்தான். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள இ.எஸ்.ஆர்.எஃப்., இங்கிலாந்தின் டயமண்ட் ஆகியவை ஆண்டுக்கு இருமுறை இதற்கான விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உள்ள ஏ.பி.எஸ். ஆண்டுக்கு மூன்று சுற்றுகள் நடத்துகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து மாதிரியைக் கதிரில் வைக்கும் நாள் வரை பல மாதங்கள் ஓடிவிடும் என்பது இதன் பெருங்குறை. ஆனால் பல நாள் நீளும் சோதனையையும், ஆய்வாளர் சொந்தமாகக் கொண்டுவரும் உலை, அழுத்தக்கலம் போன்ற கருவிகளையும் இயல்பாக ஏற்கும் வழி இதுவே.

இங்கே மதிப்பீட்டுக் குழு தவறாமல் எழுப்பும் கேள்வி, இதற்கு ஆய்வகக் கருவி போதாதா என்பது. இரும்பு மிகுந்த மாதிரி ஒன்றைத் ஆய்வகத் தாமிர எக்ஸ் கதிர்க் குழாயின் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரில் வைத்தால், இரும்பின் கே விளிம்பு (அது எக்ஸ் கதிரை வலுவாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல்) 7.11-இல் இருப்பதால் மாதிரியே ஒளிரத் தொடங்கிப் பின்னணி இரைச்சல் ஏறிவிடும். இதை மட்டும் காரணமாக எழுதினால் முன்மொழிவு தோற்றுவிடும், ஏனெனில் 6.93-இல் கதிர்விடும் கோபால்ட் குழாய்க்கு மாற்றினாலே அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நொடிகளில் நிகழும் உருமாற்றத்தைப் பின்தொடர வேண்டும் என்பது போன்ற, ஆய்வகக் குழாயின் ஒளிச்செறிவுக்கு எட்டாத தேவையைக் காட்டினால்தான் வாதம் நிற்கும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். 12 மாதிரிகள், ஒவ்வொன்றும் 5 வெப்பநிலைகளில், நிலைபெறும் நேரத்தையும் சேர்த்து அளவீட்டுக்கு 20 நிமிடம் என்றால் 20 மணி நேரம். மாதிரி மாற்றுவதற்கு 4 மணி, தொடக்கச் சீரமைப்புக்கு 8 மணி சேர்த்தால் 32 மணி, அதாவது 8 மணி நேர ஷிப்டுகள் நான்கு. இப்படிப் பிரித்துக் காட்டாமல், கேட்டதில் பாதியாவது கிடைக்கட்டும் என்று பேரக் கணக்கில் ஷிப்டுகளை ஏற்றி எழுதுபவர்களை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதல் வாசிப்பிலேயே கண்டுகொள்வார்.

விரைவு அனுமதி வழக்கமான முன்மொழிவுக்கு நேர்மாறானது. கேட்கக்கூடியது மிகக் குறுகிய நேரம். எல்லா பீம்லைன்களிலும் இந்த வசதி கிடையாது. மாதிரி தயாராக இருக்க வேண்டும். ஆனால் ஓரிரு ஷிப்டுகளில் கிடைக்கும் ஒரு தெளிவான அளவீடு, அடுத்த சுற்று முன்மொழிவில் பக்கம் பக்கமாக எழுதும் வாதத்தைவிட வலுவான சான்றாக அமையும்.

தூள் விளிம்பு விளைவு (பொடி மாதிரி எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும் பாங்கை அளக்கும் டிஃப்ராக்‌ஷன்) மட்டுமே தேவைப்படுவோருக்கு அஞ்சல் வழியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஏ.பி.எஸ்.-இன் 11-பி.எம். பீம்லைன் இதற்குப் பெயர் பெற்றது. பொடியைக் கேப்டான் எனும் பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய குழாய்களில் அடைத்து அனுப்பினால் ரோபோ அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி அளக்கிறது. பயணமும் இரவு விழிப்பும் மிச்சம். அளவீட்டின் நடுவில் திட்டத்தை மாற்ற முடியாது என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழு ஒதுக்கீடு புரதப் படிகவியலாளர்களுக்கு ஏற்றது. எந்தப் படிகம் எந்த மாதத்தில் வளரும் என்று அவர்களால் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் ஷிப்டுகளைப் பெற்று, முறை வரும்போது எது தயாராக இருக்கிறதோ அதை 16 படிகங்கள் கொள்ளும் பக்கு எனும் வட்டத் தாங்கிகளில் அடுக்கி, திரவ நைட்ரஜனில் உறைந்த நிலையில் அனுப்புகின்றன. போட்டி இங்கேயும் ஒழிவதில்லை. மதிப்பீட்டுக் குழுவின் மேசையிலிருந்து ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கட்டண வழி முடிவுகளைக் கமுக்கமாக வைத்திருக்க வேண்டிய நிறுவனங்களுக்கானது. இலவச நேரம் பெறுவோர் முடிவுகளை வெளியிட வேண்டும், இ.எஸ்.ஆர்.எஃப்.-இல் மூலத் தரவும் பொதுவாக 3 ஆண்டுகளுக்குப் பின் பொதுவெளிக்கு வந்துவிடும்.

நிலையத்தின் அளவு இதற்கெல்லாம் பிறகே வருகிறது. தடித்த உலோகத்தை ஊடுருவும் உயராற்றல் கதிர் வேண்டுமென்றால் எலெக்ட்ரான்களை 8 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓட்டும் ஜப்பானின் ஸ்பிரிங்-8, 6 கிகா எலெக்ட்ரான் வோல்ட் இ.எஸ்.ஆர்.எஃப். போன்றவற்றை நாடுவதில் பொருள் உண்டு; இரும்பின் விளிம்பை அளக்க 3 கிகா எலெக்ட்ரான் வோல்ட் டயமண்டே தாராளமாகப் போதும்.

முன்தரவு இல்லாத தூள் மாதிரிக்காரர் அஞ்சல் வழியில் தொடங்கி வழக்கமான சுற்றுக்குச் செல்லலாம். ஹைட்ரஜன் போன்ற எரிவாயு ஓடும் கலத்தைக் கொண்டுவருபவருக்கு அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் உதவாது. பாதுகாப்புப் பரிசீலனை நீளும் என்பதால், இறுதி நாளுக்குப் பல வாரங்கள் முன்பே பீம்லைன் விஞ்ஞானிக்குக் கலத்தின் வரைபடத்தை அனுப்பி, அது அங்கே பொருந்துமா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விண்ணப்பத்தை எழுதத் தொடங்க வேண்டும்.