கீமோ கலக்க ரோபோவா, தராசா?

புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்க ரோபோ வாங்குவதா, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (நச்சு மருந்து வெளியே பரவாமல் காற்றை வடிகட்டும் பெட்டி) தராசும் பார்கோடு ஸ்கேனரும் வைத்துக் கையாலேயே கலப்பதா என்ற பேச்சு எங்கள் மருந்தகத்தில் வந்தபோது, நான் தராசுக்குத்தான் கை தூக்கினேன். அதற்கு முன் ரோபோ இருந்த இடத்தில் வேலை பார்த்தவன் நான். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

ரோபோவின் நன்மைகள் தெரிந்தவைதான். நாளெல்லாம் சிரிஞ்சை இழுத்துத் தள்ளும் மணிக்கட்டுக்கு ஓய்வு. நச்சு மருந்து முகத்துக்கு நேரே இல்லாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலக்கப்படுகிறது. டிராஸ்டுசுமாப் தூளைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றி, நுரை அடங்கும்வரை நிற்க அதற்குப் பொறுமை அதிகம். ஆனால் குப்பிகளை உள்ளே அடுக்குவது மனிதர்தான். புதிதாக வந்திறங்கும் குப்பியின் வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருக்கும் என்பது பலமுறை சோதித்து உறுதியான விஷயம். கையுறையும் கவுனும் எங்கும் போய்விடாது.

துல்லியம்? அதில் பாதிப் புகழ் தராசுக்குச் சேர வேண்டியது. ரோபோவும் எடை போட்டுத்தான் அளவைச் சரிபார்க்கிறது. அதே வேலையைக் கேபினெட்டிலும் செய்யலாம். 1 மி.லி.க்கு 6 மி.கி. உள்ள பாக்லிடாக்செல் 180 மி.கி. வேண்டும் என்றால் 30 மி.லி. எடுக்கிறோம். அதன் கரைப்பானில் பாதிக்குப் பாதி ஆல்கஹால் என்பதால் 1 மி.லி. சுமார் 0.93 கிராம்தான். தராசு 28 கிராம் அருகே காட்ட வேண்டும். எங்கள் வரம்பான 5 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளே அச்சாகாது. கலந்து முடித்த பிறகு காலி சிரிஞ்சை இழுத்துக் காட்டி, “இவ்வளவுதான் போட்டேன்” என்று சொல்லும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல்.

தராசுக்கும் ஒரு எல்லை உண்டு. குழந்தைக்கு வின்கிரிஸ்டின் 0.5 மி.லி. எடுக்கும்போது 5 சதவீதம் என்பது 0.025 கிராம். சிரிஞ்சின் வெளியே ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலே அதைவிடக் கூடுதல். அங்கே இன்னொருவர் கண் கட்டாயம் வேண்டும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை. குப்பி மாறுவதுதான். கொள்முதலில் கம்பெனி மாறும், தட்டுப்பாடு வரும், கிடைத்ததை வாங்குவோம். டோசிடாக்செலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தயாரிப்பில் 1 மி.லி.க்கு 20 மி.கி., இன்னொன்றில் 10 மி.கி., ஆல்கஹால் அளவும் வேறு. உடற்பரப்பு 1.62 ச.மீ. உள்ளவருக்கு ச.மீ.க்கு 75 மி.கி. வீதம் 121.5 மி.கி. என்றால், முதலாவதில் 6.1 மி.லி. போதும், இரண்டாவதில் 12.2 மி.லி. வேண்டும். கையால் கலக்கும் முறையில் செறிவையும் அடர்த்தியையும் கணினியில் மாற்றி, இரண்டு மருந்தாளுநர்கள் சரிபார்த்தால் வேலை தொடங்கிவிடும். ரோபோவுக்கு அதோடு குப்பியின் உயரம், விட்டம், கழுத்தை எங்கே பிடிப்பது, ஊசி எவ்வளவு ஆழம் இறங்குவது, லேபிள் எப்படி இருக்கும் என்று அத்தனையும் சொல்லிக்கொடுத்து, வெறும் நீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் முன்பு இருந்த இடத்தில் இதற்குக் கம்பெனி ஆள் வரும்வரை அந்த மருந்தைக் கையால்தான் கலந்தோம். அதிகம் ஓடும் மருந்துகளைத்தான் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, அவற்றின் குப்பிதான் அடிக்கடி மாறுகிறது. ரோபோ எதற்காக வந்ததோ அந்த வேலை அதன் கையை விட்டுப் போகும்.

அப்புறம் பழுது. ரோபோ நின்றாலும் நோயாளி கையில் குத்திய ஊசியோடு காத்திருப்பார். எனவே கேபினெட்டும் பழகிய கைகளும் எப்படியும் வேண்டும். எப்போதாவது மட்டும் கலக்கும் கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது என்பது என் கவலை.

ஃபுளோரோயுராசிலை நிலையான அளவுகளில் கட்டுக்கட்டாக முன்கூட்டியே தயாரிக்கும் பெரிய மையங்களில் கணக்கு மாறலாம். அப்படி ஓர் இடத்தில் நான் வேலை செய்ததில்லை. இத்தாலியின் அபோடேகா கீமோ, ஸ்பெயினின் கிரோ ஆன்காலஜி என எந்த ரோபோவைப் பார்க்கப் போனாலும், விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: புதுக் குப்பியை நாங்களே சேர்க்கலாமா, உங்கள் ஆள் வர வேண்டுமா, எத்தனை நாளில்? பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.