இஎஸ்பி32 மாட்யூல்கள்: வேகத்தை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள்

மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும், தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை, இஎஸ்பி8266, இஎஸ்பி32, இஎஸ்பி32-சி3, ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூ என நான்கு வகை வைஃபை நுண்கட்டுப்படுத்திகளையும் (சென்சாரைப் படித்து, மோட்டார் போன்றவற்றை இயக்க நிரல் எழுதக்கூடிய சிறு கணினிகள்) பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. அவற்றுள் இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பவை இஎஸ்பி32 குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மட்டுமே. வாங்குபவர்கள் பெரும்பாலும் சிப்பின் வேகத்தையும் நினைவகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு அவை முக்கியமே அல்ல. சிப் பொருத்தப்பட்ட பலகைக்கு மின்சாரம் எப்படி வந்து சேர்கிறது, அது எவ்வளவு மின்சாரத்தைச் சாப்பிடுகிறது என்பவைதாம் முக்கியம்.

ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சிப் 2014-இல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, அர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையை வைஃபையில் இணைக்க 'ஷீல்டு' எனும் தனித் துணைப் பலகை வாங்க வேண்டும். அதன் விலை அர்டுயினோவின் விலையையே தாண்டிவிடும். 2016-இல் வந்த இஎஸ்பி32, 240 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இரண்டு கோர்கள், 520 கேபி நினைவகம், வைஃபையுடன் புளூடூத் என எல்லாவற்றையும் ஒரே சிப்பில் கொண்டுவந்தது. நீர்மட்டத்தை அளந்து எம்க்யூடிடி என்ற, சிறு கருவிகளுக்கான செய்திமுறை வழியாக அனுப்பும் வேலைக்கு இந்தத் திறனில் சிறு பங்கே போதும்.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. மேசையில் கணினியுடன் இணைத்திருந்தபோது ஒழுங்காக ஓடிய பலகை, மாடிக்குக் கொண்டுபோய்ப் பழைய கைப்பேசி சார்ஜரில் மாட்டியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆனது. மடிக்கணினியை மாடிக்கே எடுத்துச் சென்று பலகை அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து பார்த்தபோது, மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கும் 'பிரவுனவுட்' செய்தி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. வைஃபையில் தரவை அனுப்பும் நேரத்தில் இந்தச் சிப் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்; ஆகவே குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய மின்மூலம் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பலகையில் உள்ள, மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தருவதற்கு, அதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே வந்தாக வேண்டும். நான் பயன்படுத்திய நீளமான மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கேபிளைக் குட்டையாகவும் தடிமனாகவும் மாற்றி, 3.3 வோல்ட் பின்னுக்கும் (பலகையின் ஓரத்தில் உள்ள இணைப்பு முனை) கிரவுண்டுக்கும் இடையில் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை சால்டர் செய்த பிறகு, அந்தப் பலகை ஒருமுறைகூடத் தானாக ரீஸ்டார்ட் ஆகவில்லை. நிரலில்தான் பிழை என்று நினைத்து நான்கு நாள் இரவில் கண் விழித்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது; புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பின்களைப் பற்றியது. மோட்டாரை இயக்க நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பலகையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பின்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒவ்வொன்றின் குணமும் வேறு. மோட்டார் ஸ்டார்ட்டரை இயக்கும் ரிலேயை (மின்காந்தச் சுவிட்ச்) நான் முதலில் 14-ஆம் பின்னில் இணைத்திருந்தேன். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ரிலே ஒருமுறை 'டக்' என்று ஒட்டி விலகியது. பலகை பூட் ஆகும், அதாவது தொடங்கும், நேரத்தில் அந்தப் பின்னில் தானாகவே துடிப்புகள் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தொட்டி நிரம்பியிருக்கும்போது மோட்டார் ஒரு கணம் ஓடுவதில் பெரிய நட்டமில்லை. கிணற்றடியில் ஒருவர் வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஓடினால் என்ன ஆகும்? ரிலேயை 26-ஆம் பின்னுக்கு மாற்றி, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் அந்த ஓசை நின்றது.

இதுபோலவே 12-ஆம் பின்னைப் பூட் நேரத்தில் ஏதேனும் சென்சார் உயர்நிலைக்கு இழுத்தால், நிரல் பதிந்திருக்கும் ஃபிளாஷ் நினைவகம் 1.8 வோல்ட்டில் இயங்குவது என்று சிப் தவறாக எடுத்துக்கொள்ளும். பலகை எழவே எழாது. 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே உதவும். அனலாக் சென்சாரை 4-ஆம் பின்னில் இணைத்தால், வைஃபை இல்லாத சோதனையில் சரியான அளவு காட்டும். வைஃபையை இயக்கியதும் வாசிப்பு நின்றுபோகும், ஏனெனில் அந்தப் பின் சேர்ந்துள்ள இரண்டாவது ஏடிசியை (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) வைஃபை எடுத்துக்கொள்கிறது. 32 முதல் 39 வரை உள்ளவற்றையே அனலாக் வாசிப்புக்குப் பயன்படுத்துங்கள். 5 வோல்ட்டில் இயங்கும் நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ வயரை (பதில் சிக்னல் தருவது) நேரடியாக இணைப்பதும் கூடாது. ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்து 3.3 வோல்ட்டாகக் குறைத்த பின்பே தர வேண்டும்.

பேட்டரியில் ஓடும் கருவிக்கு, ரெகுலேட்டர், யுஎஸ்பி எல்லாம் சேர்ந்த டெவலப்மென்ட் பலகை ஏற்றதன்று. ஆழ்ந்த உறக்கத்தில் இஎஸ்பி32 சிப் 10 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும் என்று தரவுத்தாள் சொல்வது உண்மைதான். ஆனால் என் பலகையை மல்டிமீட்டரில் அளந்தபோது ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர், அதாவது ஆயிரம் மடங்கு, காட்டியது. சிப் உறங்கினாலும் ரெகுலேட்டரும், யுஎஸ்பி சிப்பும், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிவப்பு எல்இடியும் உறங்குவதில்லை. 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி பத்து நாளில் தீர்ந்துபோனது. அதன்பின் பலகையை விட்டுவிட்டு, அந்த உபரிப் பாகங்கள் இல்லாத இஎஸ்பி32-சி3 மாட்யூலைத் தனியாக வாங்கி, ரெகுலேட்டரே இல்லாமல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் நேரடியாக இணைத்தேன். முழு சார்ஜில் 3.6 வோல்ட்டும் வழக்கமாக 3.2 வோல்ட்டும் தரும் இந்தச் செல், மாட்யூலின் எல்லைக்குள் சரியாகப் பொருந்துகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, மண்ணின் ஈரத்தை அனுப்பிவிட்டு உறங்கும் அந்தக் கருவி எட்டு மாதங்களாக அதே செல்லில், மறு சார்ஜ் இல்லாமல் ஓடுகிறது. சிறு வேலைகளுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது இந்த மாட்யூலைத்தான்.

நான் பயன்படுத்திய நான்கு வகைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் இணைப்பே கிடைக்காது. மழைக்குப் பயந்து மாட்யூலை இரும்புப் பெட்டிக்குள் வைத்தபோது சிக்னல் அறவே போய்விட்டது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ஆன்டெனா முனையைச் சுற்றி வயரோ செம்போ இல்லாமல் விட்டதும் இரண்டு கான்கிரீட் தளங்களைக் கடந்து வந்துவிட்டது.

பிக்கோ டபிள்யூ தரமான பலகை. நுண்கட்டுப்படுத்திகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தான் கற்க விரும்பும் மாணவர்களுக்கு அதன் ஆவணங்கள் பேருதவியாக இருக்கும். இஎஸ்பி8266 விலை குறைவு என்றாலும் அனலாக் உள்ளீடு ஒன்றே உண்டு. இன்று புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்கக் காரணமில்லை.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் இவை எளிதில் கிடைக்கின்றன. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 4 எம்பி ஃபிளாஷ் என்று நம்பி வாங்கிய ஐந்து மாட்யூல்களில் ஒன்றில் 2 எம்பி மட்டுமே இருந்தது. ஆகவே கைக்கு வந்தவுடன் இஎஸ்பிடூல் நிரலின் ஃபிளாஷ் ஐடி கட்டளையால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டு, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் முடிவெடுங்கள். பழைய பலகையை யாருக்கேனும் கொடுக்கும்போது ஃபிளாஷை முழுமையாக அழித்துவிட்டே கொடுக்க வேண்டும். என்கிரிப்ஷனை (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி) நீங்களாக இயக்கியிருந்தாலொழிய, உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் அதில் அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும்.