அட்லாண்டாவா கியூபெக் சிட்டியா, அடுத்த ஹாக்கி டீம் யாருக்கு?

வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்ல புது டீம்னு பேச்சு வந்தாலே அமெரிக்காவுல இருக்கற அட்லாண்டா பேரு முன்னாடி வந்து நிக்குது. ஃப்ளேம்ஸ் டீம் 1972ல அங்க ஆரம்பிச்சு 1980ல கால்கரி போயிடுச்சு, 1999ல வந்த த்ராஷர்ஸும் 2011ல வின்னிபெக் போயாச்சு, நடுவுல ஒரே தடவை, 2007ல, பிளேஆஃப் (லீக் முடிஞ்சு நடக்கற நாக்அவுட் சுற்று) போய் நாலு மேட்சும் தோத்தாங்க. ஊரு ரொம்ப பெருசு, டிவி காசு கொட்டும், ஒத்துக்கறேன். டீம் ஊரை விட்டுப் போனதுக்கு ஓனருங்க சண்டையும் காரணம், ரசிகர்களை மட்டும் குறை சொல்றது நியாயமில்ல.

ஆனா என் ஓட்டு கனடாவுல இருக்கற கியூபெக் சிட்டிக்குத்தான். அவங்க நார்டிக்ஸ் டீமை 1995ல கொலராடோவுக்கு தூக்கிட்டு போனாங்க, அடுத்த வருஷமே அதே டீம் அவலாஞ்ச்ங்கற பேர்ல லீக் சாம்பியனுக்குக் குடுக்கற ஸ்டான்லி கப் அடிச்சுது, அந்த ஊர்க்காரங்களுக்கு வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்! அப்பவும் விடல, கையில டீமே இல்லாம 2015ல 18,000 பேருக்கு மேல உக்கார்ற அரங்கம் கட்டி திறந்துட்டாங்க. பக்கத்துல 250 கிலோமீட்டர்ல மாண்ட்ரியல் வேற, 1984 குட் ஃப்ரைடே அன்னிக்கு நார்டிக்ஸும் மாண்ட்ரியல் டீமும் பெஞ்ச்ல இருந்து மொத்தமா இறங்கி அடிச்சுக்கிட்டாங்க, அந்த மாதிரி பகையெல்லாம் காசு குடுத்து வாங்க முடியாதுங்க.

சிக்கல் என்னன்னா பிளேயர்ஸ் சம்பளம் அமெரிக்க டாலர்ல, வர்ற வருமானம் கனடா டாலர்ல, ஊரும் சின்னது. ஆனா கனடாவுல இருக்கற வின்னிபெக்கும் அதே நிலைமைதானே, அங்க 2011ல 13,000 சீசன் டிக்கெட் சில நாள்லயே வித்துத் தீர்ந்துச்சு.