வேர்ட் 2003ஐ விட்டு ஒன்றரை வருடம்: என் அனுபவம்

யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டிக்கிடந்து சாமானெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்த 2007இல் என் பழைய கணினியை வாங்கினேன். கூடவே வேர்ட் 2003. பதினேழு வருடம் என் உலை அதில்தான் கொதித்தது: மொழிபெயர்ப்பு, சஞ்சிகைக் கட்டுரை, கும்பாபிஷேக மலர், இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் புதியதுக்கு மாறினேன். "மாறத்தான் வேணுமோ?" என்று எழுதிப் பிழைக்கிற இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டதால் இது.

வெறுமனே எழுதுவதற்கு என்றால் வேர்ட் 2003இல் நான் குறை சொல்லமாட்டேன். அமத்தின உடனே திறக்கும். மேலே இரண்டு வரி ஐகன், கீழே வெள்ளைத்தாள், அவ்வளவுதான். 2007 பதிப்பில் மெனுவைத் தூக்கிவிட்டு, ரிப்பன் என்று ஒரு அகலமான ஐகன் பட்டையைக் கொண்டுவந்தார்கள். சிநேகிதர் வீட்டில் அதைத் திறந்து, பிரின்ட் எங்கே என்று தேடிக் களைத்துத் திரும்பியவன் நான்.

என் தலையிடி பாமினி எழுத்துரு. திரையில் பார்க்கிற எங்களுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கிலம். சின்ன எஃப் அடித்தால் 'க', பெரிய எஃப் அடித்தால் 'கு'. வேர்டுக்கோ, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் பழக்கம். அந்த வசதியை நிறுத்தித்தான் வைத்திருந்தேன். ஒருமுறை வின்டோஸைத் திரும்பப் போட்டபோது அதுவும் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு கல்வெட்டில் 'கடல் கடந்து வாழும் பிள்ளைகள்' என்று தொடங்கிய வரி, 'குடல் கடந்து வாழும் பிள்ளைகள்' ஆகிவிட்டது. அச்சகத்தில் புரூப் பார்த்த பொடியன் கண்டுபிடித்ததால் மானம் தப்பியது. இதில் இன்னொரு கூத்து: பக்கம் முழுக்கச் சிவப்புக்கோடு போடும் வேர்டின் ஆங்கில எழுத்துப்பிழை திருத்தி, 'கடல்' என்ற சொல்லை மட்டும் தொடாது. அதற்கு அடிக்கிற எஃப், எல், வை மூன்றும் சேர்ந்தால் அதற்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் அல்லவா!

இவ்வளவுக்கும் நான் மாறவில்லை. 2014 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் 2003க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியபோதும் மாறவில்லை. இணைய வயரைக் கழற்றிவிட்டேன். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களிலும் அது என்னைக் கைவிடவில்லை. தானாகச் சேமிக்கும் இடைவெளி வழமையாகப் பத்து நிமிடம், நான் அதை ஒரு நிமிடமாக்கி வைத்திருந்தேன்.

மாற வைத்தது கொழும்பிலிருந்து வரும் வேலை. அங்கிருந்து வருவதெல்லாம் புதிய வடிவக் கோப்பு. பழைய வேர்டில் திறக்க ஒரு மாற்றி இருந்தது, திறக்கவும் செய்தது. ஆனால் பத்திரத்தின் ஓரக்குறிப்பில் ஆசிரியர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்காமல் தனித்தனிக் குறிப்புகளாகச் சிதறும். எதற்கு எது பதில் என்று தேடியே ஒரு பின்னேரம் போய்விடும். 2024இல் ஹார்ட் டிஸ்க்கும் கரகரக்கத் தொடங்கியது. திருத்துகிற தம்பி, "அண்ணை, உதை இனிக் கழட்டினா பூட்டேலாது" என்று கையை விரித்துவிட்டான்.

புதிய மடிக்கணினியில் முதலில் லிப்ரே ஒஃபிஸ். காசு இல்லை, பழைய கோப்புகளும் திறந்தன. தனியே இருந்து கதை எழுதுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எனக்குத்தான் திருத்தங்கள் போய்வரும்போது பக்க அமைப்பு அங்குமிங்கும் அசைந்தது. நாலு மாதத்தில் ஒஃபிஸ் 2024ஐ ஒரே கொடுப்பனவில் வாங்கினேன். சந்தா முறை எனக்குச் சரிவராது. சந்தா முடிந்தால் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம்; என் கட்டுரையில் நானே ஒரு புள்ளி வைக்க முடியாது. மாதாமாதம் சம்பளம் வருகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

புதிய வேர்டில் எனக்கு உண்மையில் உதவுவது இரண்டுதான்: குறிப்புகள் ஒழுங்காக நிற்பது, சேமிக்காமல் மூடியதைக்கூடச் சிலவேளை மீட்டுத் தருவது. சில நொடிக்கு ஒருதரம் தானாகச் சேமிக்கும் வசதி, கோப்பை அவர்களுடைய இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் வைத்தால்தான். நான் வைப்பதில்லை.

பெரிய மாற்றம் யூனிகோட், அதாவது கணினிக்கும் தமிழைத் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை. அதற்குப் புதிய வேர்டே தேவையில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வெட்கம். வேர்ட் 2003இலேயே செய்திருக்கலாம். விரல் பழக்கம் போய்விடுமென்று பயந்தேன். தமிழ் அடிக்க உதவும் இ-கலப்பை மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது, விரலுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது எழுதியதை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பலாம், 'நல்லூர்' என்று தேடினால் நல்லூர் வருகிறது. நீங்கள் இன்னும் பாமினியில் எழுதுகிறவர் என்றால் மென்பொருளை விடுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது மட்டும் கவனம். இணையத்தில் உள்ள மாற்றிகளுக்கு எழுத்துரு தெரியாது, நடுவில் கிடக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும். நான் ஆங்கிலச் சொற்களை முதலில் வெட்டி அந்த இடத்தில் எண் போட்டுவிட்டு மாற்றுகிறேன்.

அச்சகத்தில் பக்கம் அமைக்க இன்னும் 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான். அதற்கு யூனிகோட் தமிழ் விளங்காது. ஆகவே கல்வெட்டு வேலை வந்தால் எல்லாம் முடித்து, கடைசியில் திரும்பப் பாமினிக்கு மாற்றி, பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுக்க முன்னர் 'குடல்' என்று ஒருதரம் தேடிப் பார்க்கிறேன்.