கோத்தகிரி பக்கம் ‘55 வயது தாண்டியவர்களுக்கான’ வில்லா: பென்சில் கோட்டை நம்பி 5,20,000 ரூபாய் போச்சு

முந்தாநாள் மதியம் 6,24,000 ரூபாய்க்கு டிடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். ரசீதில் ‘உரிமை மாற்றக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறது. பேசியபடி கொடுக்க வேண்டியது 1,04,000. மிச்சம் 5,20,000 ரூபாய் எப்படிப் போனது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலையில் அமைதியாக இருக்கலாம் என்று பெரியவர்களுக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் படிக்கட்டும்.

நிறுவனத்தின் பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் போக இருக்கிறது. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் ஜாதகம் ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி வரிசையாக ஓட்டுக்கூரை வில்லா, நடுவில் பொதுச் சாப்பாட்டுக்கூடம், ஒரு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ், கேட்டில் இரண்டு செக்யூரிட்டி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இந்த வகை இடங்கள் இப்போது நிறைய.

வாங்கியது அக்காவும் மாமாவும், 49 லட்சத்துக்கு, 2023ல். மாமாவின் உடம்புக்குக் குளிர் ஒத்துவரவில்லை. அவசரம் என்றால் மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் இறங்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவை. அதனால் விற்க முடிவு செய்தார்கள். 52 லட்சத்துக்கு ஆள் வந்தது. அதில் 12 சதவீதம்தான் இந்த 6,24,000.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். 2023ல் வாங்கும்போது, முன்பணம் கொடுக்கும் முன் 38 பக்கத்தில் ஒரு டிராஃப்ட் கொடுத்தார்கள். பத்திரத்தின் உடலில் வில்லங்கமாக ஒன்றும் இல்லை, எல்லாம் ‘அட்டவணை 4’ல் இருக்கிறது. 31ஆம் பக்கம், 14(இ): மறுவிற்பனை செய்தால் விற்பனைத் தொகை அல்லது வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதில் 12 சதவீதம் நிறுவனத்துக்கு. மாமா அதில் விரலை வைத்து, “இது என்ன, அநியாயமா இருக்கே?” என்றார். மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். 12ல் இருந்த 1ஐ மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டு அடித்தார். “பழைய ஃபார்மேட்டுங்க. இப்ப எல்லாருக்கும் ரெண்டு பர்சென்ட்தான். ஃபைனல்ல மாத்திடறோம்” என்றார். அவ்வளவுதான், எங்களுக்குத் திருப்தி! எதிரே உட்கார்ந்து ஒருவர் தன் கையால் அடித்துக் காட்டும்போது நம்பாமல் இருப்பது எப்படி?

பதிவு நாளன்று டோக்கன் 11.30க்கு. பத்திரத்தைக் கையில் கொடுத்தது 10.50க்கு. 38 பக்கத்திலும் கையெழுத்துப் போடவே நேரம் சரியாக இருந்தது. 31ஆம் பக்கத்தில் சுத்தமாக அச்சடித்து 12 என்றே இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அந்த டிராஃப்ட் தாள் இன்னும் அக்காவின் பீரோவில் இருக்கிறது. கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது. ஜெராக்ஸ் போட்டால் அந்தக் கோடு விழவே மாட்டேன் என்கிறது. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் 20ஆம் பிரிவைப் பாருங்கள். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால், எழுதிக் கொடுப்பவர் அதன் பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இட்டு உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம். பதிவுக்குப் போகிற பத்திரத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் டிராஃப்டில் போட்ட பென்சில் கோடு எந்த மூலைக்கு? பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவும் (புதிய சட்டத்தில் 95) இதையேதான் சொல்கிறது: எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு மாறாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுபோக முடியாது. மோசடி என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. நிரூபிக்க நம்மிடம் இருப்பது ஒரு பென்சில் கோடு.

விற்க முடிவானதும் அந்த 12ஐப் பற்றிக் கேட்கப் போய் நடந்த அலைக்கழிப்பு. முதல் போனில், “அந்த மேனேஜர் இப்ப எங்ககிட்ட இல்லீங்க.” இரண்டாவதில், “கோயம்புத்தூர் ஆபீஸ்ல கேளுங்க.” கோயம்புத்தூரில் கேட்டால், “சைட்ல இருந்து மெயில் வரணும்.” சைட்டுக்குப் போனால், “லீகல் டீம் பார்த்துட்டு இருக்காங்க.” வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் வந்தது இரண்டு வரி மெயில்: ‘14(இ)யின்படி.’ ஒரு பெண் மட்டும் போனில், “சார், இது மலைப்பகுதி ரூல், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். இதுதான் பச்சைப் பொய்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களின் வியாபாரமே இந்தக் குழப்பத்தில்தான் ஓடுகிறது. மலைப்பகுதிக்கென்று தனிச் சட்டங்கள் உண்மையாகவே இருக்கின்றன. 1993ல் வந்த மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் 7 மீட்டர் உயர வரம்பு வைத்தன. மரம் வெட்ட 1955ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், கூரைமேல் சில்வர் ஓக் சாய்ந்து நின்றாலும் நாமாகக் கோடாரி எடுக்கக் கூடாது. இவற்றை மதித்துத்தான் ஆக வேண்டும், மண் சரியும் ஊர் இது. ஆனால் மறுவிற்பனைக் கட்டணம், சுவருக்கு என்ன நிறம், மகன் எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை, நிறுவனம் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டது. வயது நிபந்தனையும் அப்படித்தான். அமெரிக்காவில் 1995ல் வந்த சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் 80 சதவீதத்திலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருந்தால்தான் அந்தக் குடியிருப்பு வயது வரம்பு வைத்துக்கொள்ள முடியும். இங்கே ‘55 வயது தாண்டியவர்களுக்கான’ என்ற பிரசுர வாசகத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறார்கள்.

அட்டவணை 4ல் வேறு என்னென்ன இருந்தது என்றால்: 45 வயதுக்குக் குறைந்த விருந்தாளி வருடத்துக்கு 21 நாள்தான் தங்கலாம். வாடகைக்கு விடுவதானால் நிறுவனம் மூலமாக மட்டும். வாரிசுக்கு 55 ஆகவில்லை என்றால் வீடு அவர் பெயரில் இருக்கலாம், அவர் அதில் குடியிருக்க முடியாது. மாதம் ஆளுக்கு 60 வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டாயம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். வராந்தாவில் துணிக்கொடி கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஒரு துண்டு காய நாலு நாள் ஆகும். பொதுக் கொடிமேடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கூரை இல்லை! அறைக்கு ஒரு ஹீட்டர்தான் என்றும் ஒரு விதி. டிரான்ஸ்பார்மர் தாங்காதாம். சுவரோரம் பூஞ்சை பிடித்து, கம்பளியெல்லாம் வாடை அடிக்கிறது. பக்கத்து வில்லாவிலும் இதே கதைதான்.

பராமரிப்பிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். 1,150 சதுர அடிக்குச் சதுர அடி 6.50 ரூபாய், மாதம் 7,475. “7,500க்குக் கீழேங்க, ஜிஎஸ்டி வராது” என்று சொல்லி விற்றார்கள். அந்தச் சலுகை குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் பணத்துக்குத்தான். கம்பெனி சேவைக் கட்டணமாக வசூலித்தால் முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். மாதம் 1,345 ரூபாய் 50 காசு கூடுதல். வருடத்துக்கு 10 சதவீத உயர்வு வேறு, கூட்டு வட்டிக் கணக்கில் 7 வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓய்வூதியம் அந்த வேகத்திலா ஏறுகிறது?

“அநியாயம் என்று தெரிந்தும் ஏன் கட்டினீர்கள், நிறுவனத்தின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) இல்லாமலே விற்றிருக்கலாமே” என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் 10ஆம் பிரிவு, விற்கவே கூடாது என்று முழுதாகத் தடை போட்டால் அது செல்லாது என்கிறது. கட்டணம் முழுத் தடை இல்லை என்பது அவர்கள் வாதம். 11ஆம் பிரிவு, முழு உரிமையாக விற்றபின் அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று சொல்ல முடியாது என்கிறது. ஆனால் விற்றவர் தன்னிடம் மீதியிருக்கும் நிலத்தின் நலனுக்காகப் போட்ட நிபந்தனைக்கு விலக்கு உண்டு. அட்டவணையின் முதல் வரியே ‘மீதி நிலத்தின் நல்லனுபவத்தை முன்னிட்டு’ என்று தொடங்குவதன் காரணம் இப்போது புரிகிறதா? சட்டம் தெரிந்த ஆள் உட்கார்ந்து எழுதியது அது. துணிக்கொடி விஷயத்தில் வேண்டுமானால் அந்த விலக்கு உதவும். 12 சதவீதப் பணத்தால் பக்கத்து நிலத்துக்கு என்ன நன்மை என்று எங்கள் வக்கீல் கேட்கப் போகிறார். கேட்டுப் பதில் வாங்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. 52 லட்சம் கொடுக்க வந்தவர் அதுவரை காத்திருப்பாரா?

அதைவிட உண்மையான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து வில்லா வரைக்கும் உள்ள பாதை நிறுவனத்தின் பட்டாவில் இருக்கிறது. போர்வெல்லும் தண்ணீர்த் தொட்டியும் அவர்கள் பெயரில். கழிவுநீர் சுத்திகரிப்பும் அவர்களுடையது. கரண்ட்கூட மொத்த இணைப்பிலிருந்து பிரித்துத் தருவதுதான், வீட்டுக்கெனத் தனி மின் இணைப்பு எண் கிடையாது. அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது வீடு நிற்கும் மண்ணும் பிரிக்கப்படாத பாகமாக ஒரு துண்டும். பாதையில் நடக்க ‘அனுமதி’ மட்டும், ‘உரிமை’ என்ற சொல் எங்கேயும் இல்லை. என்ஓசி இல்லாமல் வாங்குகிறவருக்குக் கேட் பாஸ் கிடையாது, தண்ணீர் கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். வாங்க வந்தவர் பின்வாங்கப் பார்த்தார். அதனால்தான் 6,24,000க்கு டிடி எடுத்தோம். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்’ என்று ஒரு கடிதத்தைச் சேர்த்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட மாட்டோம் என்றார்கள். அன்று மாலையே அதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன், ரசீது இருக்கிறது.

5,20,000 ரூபாய். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசமே மூன்று லட்சம்தான், வாங்கும்போது கட்டிய முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். கை நடுங்குகிறது, கோபத்தில். தோன்றுவதைச் சொல்கிறேன்.

முன்பணத்துக்கு முன் அட்டவணைகளையும் ‘குடியிருப்போர் கையேடு’ என்று ஒன்று வைத்திருப்பார்களே, அதையும் முழுதாக வாங்கிப் படியுங்கள். ‘அவ்வப்போது திருத்தப்படும் விதிகள்’ என்ற சொல் கண்ணில் பட்டால், யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள்.

எந்த மாற்றமானாலும் புதிதாக அச்சடித்த பக்கமாக மெயிலில் வரட்டும். பத்திரத்தைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே கேளுங்கள். தராவிட்டால் டோக்கனை ரத்து செய்யுங்கள், வேறு நாள் கிடைக்காமலா போகும்.

உங்கள் வீட்டு சர்வே எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்துப் பயனில்லை. பாதை, போர்வெல் இருக்கும் எண்களுக்கும் போடுங்கள், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். பாதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புதுத் திட்டமானால் ரெரா எண்ணை, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த எண்ணைத் தேடுங்கள். 2016ஆம் வருடச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பிரசுரத்தில் பொய் இருந்தால் 12ஆம் பிரிவு இருக்கிறது, பிரசுரத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு.

எங்கள் வழக்கு எந்த மன்றத்தில் என்று வக்கீல் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார். பராமரிப்பு டெபாசிட் 1,50,000 இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. 90 வேலை நாளில் தருவார்களாம். அதற்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பேனாவில் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.