எங்க லேப்ரடார் நாய்க்கு இடுப்பு மூட்டு மாத்துன ஆபரேஷன், எட்டு மாசம் கழிச்சு எழுதற ரிவ்யூ

எங்க கருப்பன் லேப்ரடார், மூணு வயசு. வலது பக்க இடுப்பு மூட்ட எடுத்துட்டு செயற்கை மூட்டு வெச்சு எட்டு மாசம் ஆச்சு. பண்ணலாமா வேணாமான்னு நாங்க தூக்கம் இல்லாம கிடந்தப்போ தமிழ்ல யாராவது முழுசா எழுதியிருக்க மாட்டாங்களான்னு தேடித் தேடி பாத்தேன், கிடைக்கல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

காலைல எந்திரிக்கும்போது முன்னங்கால ஊனி உடம்ப இழுப்பான், பின்னங்கால் ரெண்டும் கிரானைட் தரையில நகம் கீறிக்கிட்டே வழுக்கும், அந்த சத்தம் கேட்டுத்தான் வீடே முழிக்கும். அம்மா ஒரு அரிசிச் சாக்க விரிச்சு போட்டாங்க, அப்புறம் அந்த சாக்கு மேல மட்டும்தான் படுப்பான், வேற எங்கயும் படுக்க மாட்டான். ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேத்து முயல் மாதிரி தாவுவான், நாங்க அழகா இருக்குன்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சோம், அது இடுப்பு மூட்டு தளர்ந்த நாயோட நடைன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

முதல்ல போன க்ளினிக்ல ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு பத்து நிமிஷத்துல "ரெண்டு பக்கமும் தொடை எலும்போட தலைய வெட்டி எடுத்துடலாம், அடுத்த வாரமே வாங்க, அட்வான்ஸ் கட்டிட்டு போங்க"ன்னு சொல்லிட்டாங்க. எடை கூட போடல, ரத்தமும் எடுக்கல. அந்த ஆபரேஷன் தப்பான ஆபரேஷன் இல்ல, சின்ன நாய்க்கு நல்லாவே செட் ஆகும், எலும்புத் தலை போனப்புறம் சதையும் தழும்பும் சேந்து ஒரு போலி மூட்டு மாதிரி உருவாகி தாங்கிக்கும். ஆனா 38 கிலோ நாய்க்கு அந்த அளவுக்கு தாங்காம கால் குட்டையாகி நொண்டலாம், அத அங்க ஒருத்தரும் சொல்லல, எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்த கோவம் போகல.

ரெண்டாவதா போனது ஆர்த்தோ மட்டும் பாக்குற டாக்டர் கிட்ட. மயக்க ஊசி போட்டு கால மடக்கி விரிச்சு பாத்தார், என் கைய எடுத்து தொடை மேல வெச்சு "இப்ப பாருங்கம்மா"ன்னார், உள்ள "டொக்"னு ஒண்ணு விழுந்துச்சு. இடுப்பு எலும்புல இருக்கற கிண்ணத்த விட்டு வெளிய வந்த பந்து, அதாவது தொடை எலும்போட தலை, திரும்பவும் கிண்ணத்துக்குள்ள போற சத்தமாம். ஒவ்வொரு அடிக்கும் அவனுக்குள்ள அது நடந்துட்டு இருந்திருக்குன்னு நினைச்சப்போ அங்கயே அழுதுட்டேன். ஆனா அவர் உடனே ஆபரேஷன்னு சொல்லல. "எக்ஸ்ரேக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாதும்மா, நாய்க்குத்தான் பண்ணணும். எக்ஸ்ரே ரொம்ப மோசமா இருந்தும் ஓடியாடுற நாய் இருக்கு. மொதல்ல எடைய குறைங்க, மூணு மாசம் மருந்து பாப்போம்"ன்னார்.

எடை விஷயத்துல அவர் சொன்ன ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப உதவுச்சு. 48 லேப்ரடார் நாய்ங்கள வெச்சு பண்ணது, 2002ல வெளியாச்சு, பாதி நாய்ங்களுக்கு மத்த பாதிய விட 25 சதவீதம் கம்மியா சாப்பாடு, கம்மியா சாப்பிட்டதுங்க ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு, மூட்டு தேய்மானமும் லேட்டாத்தான் வந்துச்சு. அம்மா தயிர்சாதம் ஊட்டுறத நிறுத்துனது அந்த ஒரு தகவலாலதான். 38ல இருந்து 32க்கு வந்தான், பாதி வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. வலிக்கு குடுத்த மருந்து கார்ப்ரோஃபென், நடுவுல லிவர் கிட்னி டெஸ்ட் எடுத்துட்டே குடுத்தாங்க. தயவுசெஞ்சு வீட்ல இருக்கற ஐபுப்ரொஃபென் மாத்திரைய நாய்க்கு குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணாகி கிட்னியே போயிடும்.

இவ்ளோ பண்ணியும் நாலாவது மாசம் வலது கால தூக்கியே நின்னான், முன்னெல்லாம் காரு பக்கம் போனாலே குதிச்சு ஏறுவான், அப்போ ஏத்தி விடச்சொல்லி நம்ம மூஞ்சிய பாப்பான். அப்பதான் முடிவு பண்ணோம்.

அதுலயும் ஒரு மாசம் தள்ளிப் போச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல ப்ளேட்லெட் கம்மி, பாத்தா உண்ணிக் காய்ச்சல். நம்ம ஊர்ல உண்ணி இல்லாத நாய் எங்க இருக்கு. அதுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் முடிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணித்தான் தேதி குடுத்தார். தோல்ல சின்ன புண்ணு இருந்தாலும் தள்ளி வைப்பாங்களாம், கிருமி போய் புது மூட்டுல உக்காந்துட்டா எல்லாத்தையும் திரும்ப எடுக்க வேண்டி வரும். அவசரப்படுத்தாத டாக்டர்னு அங்கதான் முழு நம்பிக்கை வந்துச்சு.

ஆபரேஷன் அன்னிக்கு நாங்க வெளிய உக்காந்துட்டு இருந்தோம், அத பத்தி சொல்ல பெருசா எதுவும் இல்ல, தொடை எலும்புக்குள்ள டைட்டானியம் தண்டு, மேல உலோக பந்து, இடுப்பு பக்கம் கிண்ணம், மறுநாளே காலு ஊனினான்.

உண்மையான கஷ்டம் வீட்டுக்கு வந்தப்புறம்தான். புது மூட்டு கழண்டுடக் கூடாது, எலும்பு விரிசல் விடக் கூடாது, அதனால ரெண்டு மாசத்துக்கு மேல கம்பித் தடுப்புக்குள்ளயே இருக்கணும், ஒண்ணுக்கு போக மட்டும் கயிறு போட்டு, வயித்துக்கு கீழ துண்டு குடுத்து தாங்கி கூட்டிட்டு போகணும். பால்காரர் பெல் அடிச்சா துள்ளுவான்னு காலிங் பெல்லோட வயர கழட்டிட்டோம். வீடு முழுக்க ரப்பர் மேட். எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால கீழ் வீட்டு அக்கா அவங்க வராண்டாவ எங்களுக்கு விட்டுக் குடுத்தாங்க, நானும் தம்பியும் மாத்தி மாத்தி அங்கயே படுத்தோம். ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடு, பாத்துக்க ஆள் இல்லன்னா பணம் இருந்தாலும் யோசிச்சு பண்ணுங்க, இத நான் மனசார சொல்றேன்.

ஆபரேஷன் பண்ண க்ளினிக்குக்கு 5க்கு 4 குடுப்பேன். ஒண்ணு குறைச்சதுக்கு காரணம், வீட்டுக்கு அனுப்பும்போது குடுத்த பேப்பர் முழுக்க இங்கிலீஷ், பகல்ல அவன பாத்துக்கறது அம்மா, அவங்களுக்கு ஒரு வரி புரியல, நான்தான் தமிழ்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். அப்புறம் ரீ-செக் எக்ஸ்ரேக்கு தனியா காசுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஏற்கனவே என்னோட அஞ்சு மாச சம்பளம் போயிருந்துச்சு.

இப்ப காலைல அந்த நகம் கீறுற சத்தம் இல்ல. போன வாரம் அவனே கார் பின் சீட்டுல ஏறி உக்காந்துட்டான், அம்மா வாசல்ல நின்னு கத்துறாங்க "டேய் இறங்குடா, டாக்டர் குதிக்கக் கூடாதுன்னு சொன்னாரு"ன்னு. நிறைய நாய்க்கு ஒரு பக்கம் பண்ணாலே போதுமாம், இடது பக்கத்துக்கு பொங்கல் முடிஞ்சு எக்ஸ்ரே இருக்கு, பாத்துட்டு வந்து எழுதறேன்.