பீட்டா பிளாக்கர்: கடைசி அரை மாத்திரையில்தான் அவசரம் கூடாது

பீட்டா பிளாக்கர் என்பது இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மருந்து வகை. அதைத் திடீரென நிறுத்தியவர்கள் சொல்வதைக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் பரவாயில்லை, உடம்பு லேசானதுபோலக்கூட இருக்கும். மூன்றாவது, நான்காவது நாளில் மாடிப்படி ஏறினால் நெஞ்சு தடதடக்கிறது, கை நடுங்குகிறது, இரவில் தலையணையில் காதை வைத்தால் துடிப்பு கேட்கிறது. "மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது போலிருக்கிறது" என்று பயந்து மறுபடி முழு அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பல நேரம் அது பழைய நோய் திரும்பியது அல்ல, நிறுத்திய வேகத்தின் விளைவு.

காரணம் எளிமையானது. அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளை இந்த மருந்து அடைத்து வைக்கிறது. வருடக்கணக்கில் அடைபட்டிருந்தால் உடம்பு ஈடுகட்டப் பார்க்கும். கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்ளும். மருந்தோ சீக்கிரம் வெளியேறிவிடும். இந்த வகையைச் சேர்ந்த ப்ராப்ரனலால், மெட்டோப்ரோலால், அடினோலால் மூன்றுக்கும் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சில மணி நேரம்தான். பிசோப்ரோலாலுக்கு 10 முதல் 12 மணி நேரம். கூடுதலாக முளைத்த ஏற்பிகள் குறையவோ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில், வழக்கமான அளவு அட்ரினலினே இரட்டிப்பாக வேலை செய்கிறது.

சும்மா படபடப்புக்காகச் சாப்பிட்டவருக்கு இது தொல்லை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு ஆபத்து. திடீரென நிறுத்தியதால் நெஞ்சுவலி கூடியதும், மாரடைப்பே வந்ததும் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் அடினோலால் மருந்தின் குறிப்பில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். அடைப்பு இருப்பது தெரியாமலே பிரஷருக்காகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய என்பதால், எல்லோரும் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ஆகவே எத்தனை நாளில் குறைப்பது என்பது இரண்டாவது கேள்வி. எதற்காக ஆரம்பித்தார்கள் என்பதே முதல் கேள்வி. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்து அதற்காகக் கொடுத்திருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்பது நிறுத்தக் காரணமே ஆகாது. நன்றாக இருப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. துடிப்பு ஒழுங்கின்மை, பெருந்தமனி வீக்கம், கல்லீரல் சுருக்கத்தில் உணவுக்குழாய் ரத்தக் கசிவைத் தடுக்கக் கொடுத்தது, கட்டுக்குள் வராத தைராய்டு மிகைப்பு ஆகியவற்றிலும் இதைத் தானாகத் தொடக் கூடாது. அறுவை சிகிச்சை நெருங்குகிறது என்று சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவரை அந்தச் சமயத்தில் தொடரவே பொதுவாகச் சொல்வார்கள்.

மாரடைப்பு வந்து பல வருடம் ஆனவர்கள் புதிய ஆய்வுகளைச் சொல்லி நிறுத்தக் கேட்கிறார்கள். 2024-ல் வந்த 'ரெட்யூஸ்-ஏஎம்ஐ' ஆய்வில், பம்ப் திறன் சரியாக இருந்த 5,020 பேரிடம் மாரடைப்புக்குப் பின் பீட்டா பிளாக்கர் ஆரம்பித்ததால் பலன் தெரியவில்லை என்பது உண்மை. அதே வருடம் பிரான்சில் நடந்த 'அபிஸ்' ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: பல மாதம், பல வருடம் சாப்பிட்டவர்கள் நிறுத்தினால்? 3,698 பேரில் நிறுத்தியவர்களில் 23.8 சதவீதத்தினருக்கும், தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதத்தினருக்கும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறால் மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. மருத்துவமனைச் சேர்க்கையில்தான் வித்தியாசம் அதிகம். ஆரம்பிக்கத் தேவையில்லை என்பதும் நிறுத்தலாம் என்பதும் ஒன்றல்ல. இதய மருத்துவரிடம் பேசும்போது இதைக் கேளுங்கள்.

மருத்துவர் குறைக்கச் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். நம் ஊரில் பீட்டா பிளாக்கர் பல நேரம் ஒரே மாத்திரையில் வேறு மருந்தின் துணையோடு வருகிறது. பெயருக்குப் பின்னால் 'ஏடி' என்றிருக்கும் பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் அம்லோடிபினோடு அடினோலாலும் உண்டு. அதை வேறு பிரஷர் மாத்திரைக்கு ஒரே நாளில் மாற்றினால், பெயரைச் சொல்லாமலே பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தியதாகிவிடும். இதைவிட மோசமான கூட்டு, பதற்றத்துக்குக் கொடுக்கும் ப்ராப்ரனலாலும் எடிசோலாமும், அல்லது ப்ராப்ரனலாலும் க்ளோனாசெபாமும். அந்த இரண்டாவது மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டுச் சட்டென விட்டால் வலிப்புகூட வரலாம். கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகே குறைக்கும் வேலை. க்ளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் சாப்பிடுகிறவர்கள் முதலில் பீட்டா பிளாக்கரைத்தான் நிறுத்த வேண்டும், க்ளோனிடினைச் சில நாள் கழித்து. வரிசை மாறினால் பிரஷர் கண்டபடி ஏறும்.

குறைக்கும் கணக்கு பொதுவாக இப்படிப் போகும். உங்கள் கணக்கை எழுதவேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மி.கி. என்றால் 25, பிறகு 12.5, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் இரண்டு வாரம். பிசோப்ரோலால் 5 என்றால் 2.5, பிறகு 1.25. அடினோலால் 50 என்றால் 25, அதன்பின் 25-ல் பாதி. ப்ராப்ரனலால் 40 மி.கி. இருவேளை என்றால் 20 இருவேளை, பிறகு 10 மூன்று வேளை, பின் ஒவ்வொரு வேளையாகக் கழிப்பது. மேலே இருக்கும் படிகளில் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. தடுமாற்றம் கீழேதான். "இனி இருப்பது துண்டு மாத்திரைதானே" என்று மூன்றே நாளில் விட்டுவிடுகிறார்கள். ஏற்பிகள் பழைய நிலைக்கு வர அவகாசம் கொடுப்பது அந்தத் துண்டுதான். அவசரப்பட்டே ஆகவேண்டும் என்றால் அந்த அவசரத்தை முதல் படியில் காட்டுங்கள். கடைசிப் படியில் முழுதாக இரண்டு வாரம் நில்லுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் வழி பலருக்கும் பிடித்தது, ஆனால் இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. அரை ஆயுள் சில மணி நேரமே உள்ள மருந்தில் அது இரண்டு நாளுக்கொருமுறை திடீரென நிறுத்துவதற்குச் சமம். தினமும் குறைந்த அளவு என்பதே சரி.

எக்ஸ்.எல், எக்ஸ்.ஆர் என்று எழுதியவை மெதுவாகக் கரைபவை. நடுவில் கோடு உள்ளவற்றை அந்தக் கோட்டில் உடைக்கலாம். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. கேப்சூலை உடைத்துப் பாதி போட முடியாது. குறைந்த அளவு கேப்சூலையோ சாதாரண மாத்திரையையோ எழுதி வாங்குங்கள். மெட்டோப்ரோலால் 12.5 தனியாகவே கிடைக்கிறது, கத்தியும் வேண்டாம் கஷ்டமும் வேண்டாம்.

காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மேல்கையில் கட்டும் கருவியில் பிரஷரும் நாடியும் பாருங்கள். குறைக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு வாரம் குறித்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். நாடி 58-லிருந்து 74-க்கு வந்தால் பதற வேண்டாம். மருந்து இல்லாத உங்கள் இயல்பு அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-க்கு மேல் நின்றாலோ, பிரஷர் நாளுக்கு நாள் ஏறினாலோ அடுத்த படிக்குப் போகாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990.

இந்த நான்கைந்து வாரமும் கடும் உடற்பயிற்சியும் பளு தூக்குவதும் வேண்டாம். நடை போதும். காபியை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். சளி மாத்திரையில் ஃபினைல்எஃப்ரினோ சூடோஎஃபிட்ரினோ இருந்தால் படபடப்பைத் தானே உண்டாக்கும், பழி பீட்டா பிளாக்கர் மேல் விழும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பராக்சிடின், ஃப்ளுவாக்சிடின் சாப்பிடுகிறவர்கள் அவற்றையும் இதே சமயத்தில் குறைக்க வேண்டாம். அவை மெட்டோப்ரோலாலை ரத்தத்தில் தேக்கி வைப்பவை. அவை விலகினால் மெட்டோப்ரோலாலின் அளவு தானாகவே சரியும். நீங்கள் ஒரு படி இறங்கியதாக நினைப்பீர்கள், உடம்பு இரண்டு படி இறங்கியிருக்கும்.

ஒற்றைத் தலைவலிக்காகச் சாப்பிட்டவர்கள் தலைவலி வந்த நாட்களை நிறுத்திய பின்னும் இரண்டு மூன்று மாதம் காலண்டரில் குறித்துவர வேண்டும். முதல் வாரத் தலைவலி நிறுத்தியதன் எதிரொலியாக இருக்கலாம், மூன்றாம் மாதத் தலைவலி பழைய கதை.

மீதி அட்டையை உடனே தூக்கிப்போட வேண்டாம். நடுவில் நெஞ்சுவலி வந்தால் மருத்துவர் மீண்டும் ஆரம்பிக்கச் சொல்லக்கூடும். ஆனால் பல வாரம் விட்டவர்கள் தாமாகவே பழைய 100 மி.கி.-யை எடுத்துப் போட்டுவிடக் கூடாது. பழக்கம் விட்ட இதயத்துக்கு அது மிகுதி. துடிப்பும் பிரஷரும் ஒருசேர விழுந்து, காலையில் கட்டிலிலிருந்து எழும்போதே தலை சுற்றி விழ நேரலாம்.